பாதியில் நின்ற புத்தகங்கள்

நம்மில் பலருடைய வீட்டில் ஒரு புத்தகம் பாதியில் நின்று கிடக்கிறது. சாமி மாடத்துக்குப் பக்கத்திலோ, துணிப் பெட்டியின் அடியிலோ, பிள்ளைகளின் பழைய பள்ளிப் பையிலோ அது இருக்கும். எடுத்துப் பிரித்தால் நாற்பதாம் பக்கத்திலோ ஐம்பதாம் பக்கத்திலோ ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாக வைக்கப்பட்டிருக்கும். யார் வைத்தது என்று கேட்டால், "அண்ணன் படித்துக் கொண்டிருந்தது, பிறகு விட்டுவிட்டது" என்று பதில் வரும். அந்த அண்ணனுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் பிறந்திருப்பார்கள்.

கமுந்திங் வட்டாரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வரும் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு. "நம் சனங்களுக்குப் படிப்பில் பொறுமை கிடையாது. எதை எடுத்தாலும் பாதியில் போட்டுவிடுவார்கள்" என்பதே அது. வெளியார் மட்டும் சொல்வதில்லை. பெற்றோர்களே தங்கள் பிள்ளைகளைக் கண்டிக்கும்போது இப்படிச் சொல்கிறார்கள். சொல்லச் சொல்லப் பிள்ளைகளும் அதை நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். நம்பிய பிள்ளை அடுத்த புத்தகத்தை எடுப்பதற்கே தயங்குகிறது. ஆகவே, இந்தப் பேச்சு உண்மைதானா என்பதை வரலாற்றைக் கொண்டு ஆராய்ந்து பார்ப்பது நமது கடமையாகிறது. இன்றைய உரையின் நோக்கம் அதுவே.

முதலில், நம் முன்னோர் எவ்வாறு படித்தார்கள் என்பதைக் காண்போம்.

ஒருவர் தனியே ஒரு மூலையில் அமர்ந்து, வாய் திறவாமல், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பது என்பது நமக்குப் பிற்காலத்தில் வந்த பழக்கமாகும். ஓலைச் சுவடிக் காலத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி விட்டு எழுதுவதில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதும் அரிது. வாய்விட்டு ஓசையோடு படித்தால்தான் சொல் எங்கே முடிகிறது என்பது விளங்கும். எனவே ஒருவர் படிப்பார், பலர் கேட்பார்கள். அச்சுப் புத்தகங்கள் பெருகிய பிறகும் ஊர்களில் இந்தப் பழக்கமே நெடுங்காலம் நிலைத்திருந்தது.

வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு ஆகிய பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது பாரதம் படிப்பார்கள். ஒருவர் வில்லிபுத்தூராரின் பாட்டைப் படிக்க, பிரசங்கியார் அதற்குப் பொருள் சொல்லிக் கதையை விரிப்பார். இவ்வாறு பல நாள்கள் நடக்கும். ஏரோட்டுகிறவரும் கூலி வேலைக்குப் போகிறவரும் மாலையில் வந்து அமர்ந்து கேட்பார்கள். ஒரு நாள் வர முடியாதவர் மறுநாள் பக்கத்தில் இருப்பவரிடம், "நேற்று எதுவரை வந்தது?" என்று கேட்டுத் தெரிந்து கொள்வார். அவரைப் பார்த்து யாரும், "நீ பாரதத்தைப் பாதியில் விட்டவன்" என்று சொல்லவில்லை. கதை முடியும் நாளில் படுகளமும் தீமிதியும் நடைபெறும். அதாவது, ஒரு நூலைப் படித்து முடித்த நாள் ஊருக்கே திருநாளாக இருந்தது.

அந்தப் பாரதத்திலேயே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. மகாபாரதத்தில் 18 பருவங்கள் உள்ளன. வில்லிபுத்தூரார் பாடியது 10 பருவங்களே. பிற்காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நல்லாப்பிள்ளை என்னும் புலவர் எஞ்சிய பகுதிகளையும் பாடி நிறைவு செய்தார். ஒருவர் நிறுத்திய இடத்திலிருந்து இன்னொருவர் தொடங்கினார். இடையில் கடந்து போன காலம் சில நூறு ஆண்டுகள். நின்ற இடம் தெரிந்தால் யாராவது ஒருவர் வந்து தொடரலாம் என்பதற்கு இது ஒரு நல்ல சான்று.

இனி, தமிழறிஞர்களே கைவிட்டிருந்த ஒரு பெரிய நூலின் கதையைப் பார்ப்போம்.

உ. வே. சாமிநாத ஐயர் 1855ஆம் ஆண்டில் பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் ஆகியவற்றின் பெயர்களையெல்லாம் அடுக்கிச் சொன்னார். நீண்ட பட்டியல் அது. முதலியாருக்கு அது போதவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்த நூலைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை.

பின்னர் முதலியார் தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். சிந்தாமணி 13 இலம்பகங்களும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களும் உடையது. திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் இயற்றியது. ஐயர் படிக்கத் தொடங்கினார், விளங்கவில்லை. அவ்வளவு நூல்களைக் கற்றவருக்கே பல சொற்கள் புதியனவாக இருந்தன. நச்சினார்க்கினியரின் உரையைப் பார்த்தால், அதில் மேற்கோளாக வரும் நூல்களும் எவை என்று தெரியவில்லை. அக்காலத்தில் புலவர்கள் இந்த நூலை ஏன் ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பது இதனால் விளங்குகிறது. வேறு சமயத்து நூல் என்பதும், பாடம் சொல்லித் தர ஆள் இல்லை என்பதும் காரணங்கள்.

ஐயர் இரண்டு வழிகளைக் கையாண்டார். இரண்டும் நமக்குப் பயன்படக் கூடியவை.

முதலாவது வழி, கூட்டாகப் படித்தது. அவரும் முதலியாரும் ஒன்றாக அமர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து, பொருளை ஆராய்ந்து கொண்டே சென்றார்கள். ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்குத் தோன்றியது. தனியாக இருந்தால் மூடி வைத்திருக்கக் கூடிய நூல், இருவர் சேர்ந்ததால் நகர்ந்தது.

இரண்டாவது வழி, தெரிந்தவரைத் தேடிச் சென்று கேட்டது. சமணக் கருத்துகள் விளங்காமல் நின்றபோது, கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர்களின் வீட்டுக்கு ஐயர் சென்றார். சென்ற அன்று அந்த வீட்டில் தோரணம் கட்டி அலங்காரம் செய்திருந்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டபோது, அவர்கள் சொன்ன பதில் ஐயரை வியப்பில் ஆழ்த்தியது. அந்த வீட்டில் பல மாதங்களாகச் சிந்தாமணியைப் படித்துப் பொருள் சொல்லிக் கேட்டு வந்தார்களாம். அன்றுதான் அது நிறைவு பெற்றதாம். அதற்கான கொண்டாட்டமே அந்தத் தோரணமும் அலங்காரமும்!

நேயர்களே, இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். கற்றவர்கள் கடினம் என்று கைவிட்ட அதே நூலை, அதே ஊரில், ஒரு குடும்பத்தார் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து முழுவதும் படித்து முடித்திருக்கிறார்கள். அவர்கள் பெற்றிருந்த வசதி, வழிவழியாக வந்த பழக்கமும், அன்றைய பங்கை அன்றைக்குக் கேட்கும் முறையும் ஆகும். ஐயர் அவர்களிடம் ஐயம் தீர்த்துக் கொண்டார். பல ஊர்களில் ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டு வந்தார். முதலியாரைச் சந்தித்ததிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 7 ஆண்டுகள். அதன் பிறகு பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. இன்று நம் பிள்ளைகள் கண்ணகியின் கதையைப் பாடநூலில் படிக்கிறார்கள் என்றால், பாதியில் நிற்க இருந்த அந்த ஒரு வாசிப்பு நிற்காமல் போனதும் அதற்கு ஒரு காரணம்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

ஐயர் சிந்தாமணியோடு போராடிய அதே காலத்தில், இங்கே லாருட் மாவட்டத்தில் ஈயச் சுரங்கங்கள் பெருகிக் கொண்டிருந்தன. கமுந்திங்கும் அச்சுரங்க ஊர்களில் ஒன்று. இந்நாட்டின் முதல் ரயில் பாதை 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை போடப்பட்டது. போர்ட் வெல்டின் இன்றைய பெயர் கோலா செப்பத்தாங். பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து நம்மவர்கள் கங்காணிகள் மூலம் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய துணி மூட்டைகளோடு கதைகளும் கப்பல் ஏறின. படிக்கத் தெரிந்த ஒருவர் லயத்து வாசலில் விளக்கை வைத்துக் கொண்டு, பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையையும், நல்லதங்காள் கதையையும், அல்லி அரசாணி மாலையையும் இராகம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்ட வழக்கம் தோட்டங்களில் இருந்தது. 1924இல் கோலாலம்பூரில் தமிழ் நேசனும், 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசும் தோன்றிய பிறகு, செய்தித்தாளையும் இவ்வாறே ஒருவர் படிக்கப் பலர் கேட்டார்கள். ஊரில் இருந்த பழக்கம் இங்கும் தொடர்ந்தது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

அப்படியானால், புத்தகங்கள் எப்போது பாதியில் நிற்கத் தொடங்கின?

பள்ளிக்கூடத்திலிருந்தே இதற்கு விடை தேட வேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேருக்கு மேல் உள்ள தோட்டங்கள் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று கூறியது. பள்ளிகள் தோன்றின. ஆனால் பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகையாகவும், ஆசிரியர் ஒருவரே எல்லா வகுப்புகளுக்கும் பாடம் சொல்பவராகவும் இருந்த நிலை இருந்தது. சில இடங்களில் கிராணியோ கங்காணியோ வாத்தியார் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். பெரும்பாலான இடங்களில் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. அதற்கு முன்பே, தம்பி தங்கையைப் பார்த்துக் கொள்ளவோ, தாயோடு சேர்ந்து மரத்தடியில் மங்கு துடைக்கவோ, புல் வெட்டவோ பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள்.

இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ நின்றுவிட்ட ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை கையில் பிடித்த புத்தகம் பாடநூல் ஒன்றுதான். அந்தப் பாடநூலின் கடைசிப் பாடத்தை அது பார்த்ததே இல்லை. புத்தகம் என்றால் நடுவில் நிற்பது என்பதே அதன் அனுபவம். முடிவுள்ள ஒரு புத்தகத்தை அதன் கையில் யாரும் கொடுக்கவில்லை. அப்படி வளர்ந்தவர், பிற்காலத்தில் ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து நாற்பதாம் பக்கத்தில் வைத்துவிட்டால், அதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது?

அடுத்து வந்தது போர். 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் தைப்பிங்கும் ஈப்போவும் ஜப்பானியர் வசமாயின. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. தோட்டங்கள் நின்றன, பல பள்ளிகள் மூடிக் கிடந்தன. அரிசிக்குப் பதிலாக மரவள்ளிக் கிழங்கு உணவாயிற்று. சயாம் – பர்மா ரயில் பாதை போடுவதற்காகத் தோட்டத்து ஆண்கள் பல்லாயிரவர் கொண்டு போகப்பட்டார்கள். 1943 அக்டோபரில் அந்தப் பாதை முடிந்தது. ஆனால் போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அவர்கள் வீட்டில் விட்டுச் சென்றவற்றில், படித்துப் பாதியில் நின்ற புத்தகங்களும் இருந்திருக்கும். அவை வாசகர் விட்ட புத்தகங்கள் அல்ல. கையிலிருந்து பிடுங்கப்பட்ட புத்தகங்கள்.

இங்கே உ. வே. சாமிநாத ஐயரை மீண்டும் நினைக்க வேண்டியிருக்கிறது. அவர் தம் முதுமையில் 'என் சரித்திரம்' என்ற தன்வரலாற்றை எழுதினார். 1940ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அது ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. நாம் மேலே கண்ட சிந்தாமணிச் செய்திகளும் அதில் உள்ளவையே. போர் மூண்டு மலாயா ஜப்பானியர் வசமானதும், சென்னைக்கும் இங்குக்கும் இடையே கப்பலும் தபாலும் அறுந்து போயின. அந்தத் தொடரைப் படித்து வந்தவர்கள் யாரேனும் இங்கே இருந்திருந்தால், அவர்களுக்கு அது நடுவிலேயே நின்றிருக்கும். அங்கே 1942 ஏப்ரல் 28ஆம் நாள் ஐயரும் காலமானார். 122 அத்தியாயங்களோடு அந்த வரலாறு முற்றுப் பெறாமல் நின்றது. மற்றவர்களின் நூல்களையெல்லாம் தேடித் தேடி முடித்துக் கொடுத்த பெரியவரின் சொந்த நூல் முடியவில்லை. ஆயினும் 1950இல் அது புத்தகமாக வெளிவந்தது. இன்றும் மக்கள் விரும்பிப் படிக்கிறார்கள். முடியாத புத்தகமும் பயன் தரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

போர் முடிந்த பின் மாத இதழ்களும் வார இதழ்களும் மீண்டும் வரத் தொடங்கின. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக வந்தது. தொடர்கதை என்பது நம் பழைய பாரத வாசிப்பின் அச்சு வடிவம் எனலாம். ஒரு வாரத்துக்கு ஒரு பங்கு. அடுத்த வாரம் வரை காத்திருப்பு. இதழ் வாங்கியவர் படித்து முடித்ததும் அது அடுத்த வீட்டுக்குப் போகும். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்தவர்களும் உண்டு. நடுவில் ஓர் இதழ் தவறிப் போனால், படித்தவரிடம் கதையைக் கேட்டுக் கொண்டு மேலே போனார்கள். அதே கல்கி, 1954 டிசம்பரில் மறைந்தபோது 'அமரதாரா' என்ற தொடர்கதை முடியாமல் நின்றது. அவருடைய மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார்.

ஆனால் தோட்டத்து வாழ்க்கை மறுபடியும் ஆட்டம் கண்டது. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு இடம் மாறின. பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுந்தது. அந்தத் துண்டாடலைத் தடுப்பதற்காக, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. ஒருவரால் முடியாததைப் பலர் கூடி, சிறு பங்குகளாக முடித்த இந்த வரலாறு, படிப்பு விஷயத்திலும் நமக்கு வழி காட்டுகிறது.

இன்னும் ஒரு தடையையும் சொல்ல வேண்டும். அது எழுத்து. பெரியார் 1935இல் குடி அரசு இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். 1978இல் தமிழ்நாட்டு அரசு அதை ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. பின்னர் நம் நாட்டிலும் அது வழக்கத்துக்கு வந்தது. எழுதுவதற்கும் அச்சுக்கும் இதனால் பெரும் நன்மை உண்டாயிற்று. ஆனால் தாத்தா வைத்திருந்த பழைய புத்தகத்தைப் பேரப்பிள்ளை எடுத்தால், தும்பிக்கை போல் வளைந்த லையையும், சுழித்த ணாவையும் கண்டு மூன்றாம் வரியிலேயே நின்று விடுகிறது. பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று நாம் நினைத்து விடுகிறோம். பழைய வடிவங்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்தால் ஒரே மாலையில் இந்தத் தடை நீங்கிவிடும்.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால், புத்தகம் பாதியில் நிற்பதற்கு மூன்று காரணங்கள் இருப்பது விளங்குகிறது.

ஒன்று, விளங்காமல் நிற்பது. இதற்கு மருந்து, ஐயர் செய்தது போலத் துணை தேடுவதும் தெரிந்தவரைக் கேட்பதுமாகும். விளங்காததை ஆசிரியரிடம் கேட்க வரும் பிள்ளையை, "இதுகூடத் தெரியாதா?" என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. அந்த ஒரு சொல்லால் மூடப்பட்ட புத்தகங்கள் பல.

இரண்டு, வாழ்க்கை இடைமறித்து நிற்பது. வேலை, நோய், இடமாற்றம், திருமணம், பிள்ளைப்பேறு என்று எத்தனையோ வரும். இது யாருடைய குற்றமும் அன்று. அடையாளம் வைத்த பக்கம் காத்திருக்கும். பத்து ஆண்டு கழித்தும் அதைத் திறக்கலாம். வில்லிபுத்தூராரின் பாரதம் நூற்றாண்டுகள் காத்திருந்தது அல்லவா?

மூன்று, பிடிக்காமல் நிற்பது. அதாவது, புத்தகத்தில் சாரம் இல்லை. அல்லது அது நம் வயதுக்கும் நிலைக்கும் ஏற்றதாக இல்லை. அத்தகைய புத்தகத்தைத் தாராளமாக மூடி வைக்கலாம். வெட்கப்பட வேண்டியதில்லை. பால் வற்றிய மரத்தை நாள்தோறும் வெட்டிக் கொண்டிருப்பவர் யாரும் இல்லை. ஆனால் வெட்டிப் பார்க்காமலே வற்றிய மரம் என்று சொல்லவும் கூடாது. இருபது பக்கமாவது பொறுமையாகப் படித்த பிறகு முடிவு செய்வது நியாயம்.

இவற்றுள் எது காரணம் என்று கேட்காமல், பொறுமை இல்லாதவன் என்று பிள்ளையைத் திட்டுவது சரியாகுமா? பெற்றோர்கள் சிந்திக்க வேண்டும்.

நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம்தான் உள்ளன. பால்மரங்கள் இருந்த இடங்களில் செம்பனையும், வீடமைப்பும், தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. கமுந்திங்கிலும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆறாம் வகுப்பு முடிந்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் பாடங்கள் மலாய் மொழியில் அமைகின்றன. தமிழ் ஒரு பாடமாகச் சுருங்குகிறது. சிலருக்கு அதுவும் இல்லாமல் போகிறது. ஆகவே, தமிழ்ப் புத்தகம் பாதியில் நிற்கும் ஆபத்து 12 வயதில்தான் மிகுதி. அந்த வயதில் வீடு கை கொடுக்காவிட்டால் வேறு யாரும் கை கொடுக்கப் போவதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்? பெரிய செலவு ஒன்றும் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் அந்த நேரத்துக்கு மட்டும் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை வாய்விட்டுப் படிக்கட்டும். அம்மா பாத்திரம் கழுவிக் கொண்டே கேட்கலாம். அப்பா சாய்ந்து கொண்டே கேட்கலாம். எழுத்து அறியாத பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளை தடுமாறும் இடத்தில், கதையைத் தெரிந்த பாட்டி எடுத்துக் கொடுப்பார். நிறுத்திய இடத்தில் தேதியைப் பென்சிலால் குறித்து வையுங்கள். ஒரு நாள் விட்டுப் போனால், "நேற்று எதுவரை வந்தது?" என்று கேட்டுத் தொடருங்கள்.

தொடக்கத்திலேயே ஐந்து பாகப் பொன்னியின் செல்வனை எடுக்க வேண்டாம். தெனாலிராமன் கதைகள், வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை போன்ற சிறு நூல்கள் போதும். சில வாரங்களில் முடியும். முடிவைக் கண்ட பிள்ளை அடுத்ததைக் கேட்கும். வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில், நம் தோட்டத்து மக்களின் வாழ்வையே கதையாக்கிய அகிலனின் 'பால்மரக் காட்டினிலே'யை எடுக்கலாம். பெரியவர்கள் தாங்கள் கண்டதையும் பட்டதையும் நடுநடுவே சொல்வார்கள். புத்தகத்தில் இல்லாத வரலாறும் பிள்ளைகளின் காதில் விழும்.

ஒரு புத்தகம் முடிந்த அன்று, கும்பகோணத்துச் சமணர் வீட்டில் செய்தது போல நாமும் கொண்டாடலாம். தோரணம் கட்டாவிட்டாலும் கொஞ்சம் பாயசம் வைக்கலாம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் படித்தவர் பெயரையும், கேட்டவர்கள் பெயரையும், முடித்த நாளையும் எழுதி வைக்கலாம். படிக்கத் தெரியாத பாட்டியின் பெயரும் அதில் இருக்க வேண்டும். அவரும் அந்த நூலை முடித்தவரே.

நம் சனங்களுக்குப் பொறுமை இல்லை என்ற பேச்சுக்கு வரலாறு இடம் தரவில்லை. பல இரவுகள் பாரதம் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கியவை பல இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆகையால், துணிப் பெட்டியின் அடியில் கிடக்கும் அந்தப் புத்தகத்தை இன்றிரவே வெளியே எடுங்கள். பஸ் டிக்கெட் வைத்த பக்கத்தைத் திறந்து, வீட்டில் உள்ள சிறு பிள்ளையின் கையில் கொடுங்கள். அண்ணன் விட்ட இடத்திலிருந்து அது படிக்கட்டும். அந்த அண்ணனும் பக்கத்தில் அமர்ந்து கேட்கட்டும்.